வடாலா கோபுரம்: வெளிச்சுவருக்கு மட்டும் ஒரு விமர்சனம்

சாம்பிள் ஃப்ளாட்டுக்குள் எல்லோரும் போனார்கள். தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் பெண், மாப்பிள்ளையின் அம்மா. நான் மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டடத்தின் வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்பை வடாலாவில் 42 மாடி. மூன்று கோபுரங்களில் முதலாவது முடிந்து ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் இப்போது புக்கிங் நடக்கிறது. மூன்றுக்கும் ஒரே டிசைன். அதனால், வாங்கப் போகும் வீடு ஐந்து வருஷம் கழித்து வெளியே எப்படி இருக்கும் என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது.

என் தொழில் இதுதான். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவுக்கு நாங்குநேரிப் பக்கம். 19 வயதில் பெயிண்ட் வேலைக்குப் போய் ஜூலாவில் ஏறினேன். ஒரு பலகை, இரண்டு கயிறு, மொட்டைமாடித் தூணில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான் அன்றைக்குப் பாதுகாப்பு. இப்போது பெல்ட், வேலைக்கயிறு ஒன்று, காப்புக்கயிறு ஒன்று என்று முறையாகச் செய்கிறோம். என்னிடம் ஒன்பது பையன்கள் இருக்கிறார்கள். கண்ணாடி துடைப்பது, இடுக்கை அடைக்கும் சீலண்ட் பசை மாற்றுவது, வெடிப்பு அடைப்பது, பெயிண்ட். 26 வருஷமாக இந்த ஊர்க் கட்டடங்களின் முகத்துக்கு எதிரே தொங்கிக்கொண்டிருக்கிறேன். வீடு வாங்குகிறவர்கள் கிச்சன் எத்தனை அடி, லிஃப்ட் எத்தனை, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்கிறார்கள். வெளிச்சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பில்டர் பெயரைச் சொல்லவில்லை. இங்கே நான் பார்த்த குறைகளை ஊர் முழுக்க, பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் வரும்போது சுற்றியுள்ளதெல்லாம் அடுக்கி வைத்த பெட்டிகள் மாதிரி நிற்க, இது மட்டும் மேலே போகப்போக ஒடுங்கி, மூலைகள் மழுங்கி, கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. இளம் சாம்பல் சுவர், நீலச் சாயல் கண்ணாடி, நாலு மாடிக்கு ஒரு வெண்கல நிறப் பட்டை. நிறம் எதுவும் உறுத்தவில்லை. வரைந்தவருக்குக் கண் இருக்கிறது.

பக்கத்தில் போனால்தான் விஷயம் தெரிகிறது. மேற்கு முகத்தில் ஒவ்வொரு ஸ்லாப் விளிம்புக்குக் கீழேயும் கறுப்பு ஒழுகல் கோடுகள். அழுத பிள்ளையின் கன்னத்தில் மை கரைந்து இறங்கின மாதிரி இருக்கிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பின் அடிப்பாகம் வழவழவென்று சமமாக இருக்கிறது. காடி இல்லை.

காடி என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சஜ்ஜாவின், அதாவது சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு விரல் பதியும் அளவுக்கு நீளவாக்கில் ஓடும் பள்ளம். மழைத்தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் நேரே கீழே விழுந்துவிடாது. அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். வழியில் காடி இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஊரில் எங்கள் வீட்டுக்கு சன்ஷேட் போட்ட கொத்தனார், காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகைமேல் ஒரு கம்பியைப் படுக்க வைத்தார். பலகையைப் பிரித்தபோது கம்பியையும் உருவினார், காடி வந்துவிட்டது. காசே செலவாகாத வேலை. இவ்வளவு பெரிய கட்டடத்தில் அதை மறந்தார்களோ, விளிம்பு கத்தி போல மெல்லிசாகத் தெரியவேண்டும் என்று வேண்டாமென்று விட்டார்களோ. எப்படியானாலும் சுவர் கறுத்துவிட்டது.

மும்பையில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். சென்னையில் சுமார் 1,400 தான். இங்கே மழை மேலிருந்து விழுவதோடு நிற்காது, தென்மேற்கிலிருந்து சுவரில் அறையும். ஒருமுறை 30வது மாடிக்கு மேலே வேலையில் இருக்கும்போது திடீரென்று பிடித்துக்கொண்டது. காற்று சுவரில் மோதி மேலே ஏறியதால் சாரல் கீழிருந்து முகத்தில் அடித்தது. அப்படி அடிக்கும் சுவரில் ஈரம் தங்கினால் பாசி, பாசி காய்ந்தால் கறுப்பு. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் பூசினாலும் இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். அந்தச் செலவெல்லாம் குடியிருக்கிறவர்களின் ஸொசைட்டி தலையில்தான் விழும்.

அடுத்தது மேற்குக் கண்ணாடி. ஹாலில் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, வெளியே ஒரு சாண் நிழல்கூட இல்லை. 'தூரத்தில் கடல் தெரியும்' என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்தை விலை கூட்டி விற்கிறார்கள். சாம்பிள் ஃப்ளாட் கீழே, கிழக்குப் பக்கம், ஏசி போட்டு வைத்திருக்கிறது. தெரிந்த ஒருவர் முதல் கோபுரத்தில் 18வது மாடியில் வாடகைக்கு இருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கச்சியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். "என்னண்ணே, தோசைக்கல் மாதிரி இருக்கு?" என்றாள். திரும்ப டீக்கடைக்கு வந்து மேற்கு முகத்தில் ஒரு நெட்டு வரிசையைக் கீழிருந்து எண்ணினோம். 20 வீட்டில் 13 வீட்டில் கனத்த திரை இழுத்து மூடியிருந்தது, இல்லாவிட்டால் உள்பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. கடலுக்காகக் கூடுதல் காசு கொடுத்த வீடுகள் அவை.

மாப்பிள்ளையின் பெண், என் மருமகள், கட்டடக்கலை முதல் வருஷம் படிக்கிறாள். இவ்வளவு நேரம் என் குறைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ உங்களுக்கு எந்த பில்டிங்தான் மாமா பிடிக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெடர் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன்.

காஞ்சன்ஜங்கா அபார்ட்மெண்ட்ஸ். கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வரைந்தது, 1983ல் முடிந்தது. 84 மீட்டர் உயரம், 32 வீடுகள். இன்றைக்கு அதைவிட மூன்று மடங்கு உயரமாகக் கட்டிவிட்டார்கள், ஆனால் இந்த ஊர் வெயிலையும் மழையையும் அதைப்போலப் புரிந்துகொண்டு எழுந்த கோபுரம் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் எவ்வளவோ அதைப்போல நாலு மடங்கு உயரம் என்ற எளிய அளவு. வெள்ளைச் சதுரத்தூண். அதன் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்கு வெட்டி எடுத்தாற்போல ஆழமான திறந்த திண்ணைகள். அந்த வெட்டுகளின் உள்சுவரில் மட்டும் வண்ணம். ரோட்டில் நின்று பார்க்கும்போது கண் போய் அந்த நிழலுக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

கொரியாவுக்கு முன்னால் இருந்த சிக்கலும் வடாலாக்காரருக்கு இருந்த அதே சிக்கல்தான். மும்பையில் வீடு கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். அப்போதுதான் மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகம், நடுவில் காற்று. ஆனால் சுடும் வெயிலும் அடிமழையும் அதே திசைகளிலிருந்துதான் வருகின்றன. பழைய பங்களாக்களில் வீட்டைச் சுற்றி வராந்தா ஓடவிட்டு அதைச் சமாளித்தார்கள். வெயிலும் மழையும் வராந்தாவோடு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். அந்த வராந்தாவை அப்படியே தூக்கி ஆகாயத்தில் வைத்ததுதான் காஞ்சன்ஜங்கா. நடுவிலே காங்கிரீட் தண்டு, அதிலிருந்து ஆறு மீட்டருக்கும் மேல் முட்டுக்கொடுக்காமல் நீளும் தளங்கள். மூலையில் தூணே கிடையாது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு திண்ணையில் செடிகள் தெரிந்தன, ஒரு நாற்காலியும் தெரிந்தது. மருமகள் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தாள். நான் சொன்னேன், "அந்தத் திண்ணையில் நின்னுகிட்டே ஒரு ஆள் தன் வீட்டுக் கண்ணாடியைத் தானே துடைச்சுக்கலாம். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை." அவள் வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் வகுப்பில் யாரும் சொல்லவில்லையாம். படத்தில் நிழலையும் காற்றையும் காட்டுகிறார்கள், துடைக்கிற கையைக் காட்டுவதில்லை. நான் ஒரு கட்டடத்தின் முகத்தைப் பார்க்கும்போது முதலில் தேடுவது அதைத்தான். இங்கே ஒரு மனுஷன் எட்ட முடியுமா? எட்டுவதற்கு வரைந்தவர் இடம் விட்டிருக்கிறாரா?

ஏசி அவுட்டோர் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வடாலா கோபுரத்தில் அதை மறைக்க வெளியே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு ஸ்லாப், அதற்கு முன்னால் ஓட்டை வைத்த அலுமினியத் தட்டி. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அங்கே போகக் கதவு இல்லை. கேஸ் நிரப்ப வருகிற பையன் பெட்ரூம் ஜன்னலில் ஏறி, ஒரு காலை வெளியே வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். 18வது மாடியில் அந்த ஜன்னல் சட்டத்தைப் பார்த்தேன். ஷூ தேய்ந்து பெயிண்ட் உரிந்த தடம் இருக்கிறது. பெல்ட் மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. கொக்கி இருந்தால் ஒரு உயிருக்கு உத்தரவாதம். அதற்கு என்ன விலை ஆகியிருக்கும்? இந்த ஒரு குறைக்கே நான் பாதி மார்க்கைக் குறைத்துவிட்டேன், குறைத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்புறம், பழைய டவர்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2012க்கு முந்தைய மும்பைக் கட்டடங்களில் ஜன்னலுக்கு வெளியே பூத்தொட்டி ஸ்லாப்புகள் நிறையத் துருத்திக்கொண்டிருக்கும். அழகுக்கு என்று நினைப்போம். அன்றைக்கு ஃப்ளவர் பெட், மாடம் மாதிரியானவையெல்லாம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது ஒரு நிலத்தில் இவ்வளவுதான் கட்டலாம் என்ற கணக்கில் சேராது. கணக்கில் வராத இடத்தைக் கட்டி விற்றார்கள், வாங்கினவர்கள் சுவரை இடித்து அறையோடு சேர்த்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் விதி மாறி அவையும் கணக்குக்குள் வந்தன. அதன் பிறகு வந்த கட்டடங்களின் முகம் வழித்துவிட்டாற்போல ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். பூச்செடிக்கு என்று போட்ட ஸ்லாப்மேல் பீரோவும் கட்டிலும் நிற்பதைக் கீழே தொங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். ஓரத்தில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். பழைய டவரில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் அந்த ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள்.

கண்ணாடிக்கு வருகிறேன். இப்போது பல கட்டடங்களில் டபுள் கிளேசிங். இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று, சுற்றிலும் விளிம்பில் ஒட்டு. அந்த ஒட்டுதான் உயிர். பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) பக்கம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் போன வருஷம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணாடி மட்டும் எவ்வளவு தேய்த்தும் மங்கலாகவே இருந்தது. உள்பக்கம் துடைக்கச் சொன்னேன், அப்போதும் போகவில்லை. மங்கல் இருந்தது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில். விளிம்பு சீலண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பழைய அழிரப்பர் மாதிரி துகள் துகளாக உதிர்ந்தது. ஈரம் உள்ளே போய்விட்டது. இனி அந்தக் கண்ணாடியை முழுதாக மாற்றத்தான் வேண்டும். நான் கிடைமட்டமாக நகர்ந்து அந்த வரிசை முழுக்கப் பார்த்தேன், இன்னும் நாலு இருந்தது. வெயில் நேரே விழும் பக்கம், உப்புக்காற்று வேறு.

விளிம்பு ஒட்டைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது என்பதற்கு பாஸ்டன் நகரத்து ஹான்காக் டவர்தான் பெரிய பாடம். 60 மாடிக் கண்ணாடிக் கட்டடம். 1973ல், வேலை முடியும் முன்பே, காற்றில் கண்ணாடிகள் பெயர்ந்து கீழே விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல் எடை. விழுந்த இடமெல்லாம் பிளைவுட் பலகை அடித்து மூடினார்கள். கடைசியில் இருந்த 10,344 கண்ணாடிகளையும் மாற்றவேண்டி வந்தது. காரணம் அந்த விளிம்புதான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வைத்த ஈயப் பட்டையைக் கண்ணாடியோடு இம்மியும் அசையாதபடி இறுக்கிப் பற்றவைத்திருந்தார்கள். காற்றிலும் வெயிலிலும் கண்ணாடி அசையும். பிடி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கவேண்டும். கொடுக்கவில்லை, உடைந்தது. அதை வரைந்த ஹென்றி காப் இருந்த நிறுவனம்தான் பிற்காலத்தில் பெய் காப் ஃப்ரீட் என்று பெயர் மாறி, நம்ம லோயர் பரேலில் வேர்ல்டு ஒன் கோபுரத்தை வரைந்தது. ஸ்ரீநிவாஸ் மில் நின்ற நிலத்தில் 280 மீட்டர். முதலில் 442 மீட்டருக்குத் திட்டம் போட்டு, விமான நிலைய அனுமதி கிடைக்காமல் குறைந்தது. அதன் வளைந்த கண்ணாடி முகம் எனக்குப் பிடித்தமானது. சாயங்கால வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும், சட்டென்று கண்ணில் குத்தாது. வளைவு குழிவாக அமைந்தால் கதையே வேறு. லண்டனில் வாக்கி டாக்கி என்று கூப்பிடும் கட்டடம் அப்படித்தான் வெயிலைக் குவித்து, 2013ல் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகு வெளியே நிழல்தட்டிகள் பொருத்தினார்கள்.

நியூயார்க்கில் 1952ல் வந்த லீவர் ஹவுஸ், ஜன்னல் திறக்காத முதல் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்று. சோப்பு கம்பெனியின் தலைமை ஆபீஸ். திறக்காத கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று ஆரம்பத்திலேயே யோசித்து, கூரையிலிருந்து இறங்கும் தொட்டிலையும் கட்டடத்தோடு சேர்த்தே செய்தார்கள். இத்தனை வருஷம் கழித்து வடாலாவில் 42 மாடிக்கு மேலே கயிறு கட்ட முறையான ஆங்கர் இருக்கிறதா என்று கேட்டேன். சேல்ஸ் ஆபீஸ் பையன் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் அவனுக்குத் தெரியவில்லை. மேலே ஏறிப் பார்க்க அனுமதியும் கிடைக்கவில்லை.

அந்த வெண்கலப் பட்டைகள் ஏ.சி.பி. ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு. அந்த அடுக்கு சாதாரண பாலிஎத்திலீனா, தீ பிடிக்காத ரகமா என்பதுதான் கேள்வி. 2017 ஜூன் 14ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் செத்துப்போனார்கள். 24 மாடிப் பழைய குடியிருப்பு. பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும், குளிரும் தாங்கவேண்டும் என்று புதிதாக மாட்டிய வெளிப்போர்வை வழியாகத்தான் தீ சரசரவென்று உச்சிவரை ஏறியது. நானே எத்தனையோ கட்டடத்தில் இந்த ஷீட்டை மாட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் ரகம் என்ன என்று கேட்டதில்லை. கிரென்ஃபெல்லுக்குப் பிறகு, ரகம் எழுதிய சீட்டு கைக்கு வராமல் என் பையன்களை ஏற்றுவதில்லை. மாப்பிள்ளையிடம் இதை மட்டும் எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் தார்டேவில் இம்பீரியல் இரட்டைக் கோபுரத்தையும் மருமகளுக்குக் காட்டினேன். 2010ல் முடிந்தது, 60 மாடி, கட்டடக்கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வரைந்தது. குடிசைகள் இருந்த நிலம். அங்கே இருந்தவர்களுக்கு அதே வளாகத்தில் வீடு கட்டிக்கொடுத்துவிட்டு மீதி இடத்தில் எழுப்பியது. கூர்முனை உச்சியோடு தூரத்திலிருந்தே 'இது மும்பை' என்று சொல்லும் உருவம். ஆனால் தாராவிக்காரனான எனக்குப் பார்வை எப்போதும் பக்கத்தில் நிற்கும் அந்த மறுகுடியமர்வுக் கட்டடங்களின் மேல்தான் போகும். வெளித்தோற்றம் என்று பேசும்போது அவற்றின் சுவரையும் யாராவது அக்கறையாக வரையவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அங்கேயும் அதே மழைதான் அடிக்கிறது.

சரி, வடாலாவுக்கு என் மார்க். உருவமும் நிறமும் 10க்கு 8. மழை தாங்குவது 3. வெயில் தாங்குவது மேற்கே 2, கிழக்கே 6. ஆள் எட்டுவதற்கு வழி 1. எல்லாம் சேர்த்து 10க்கு 4 கொடுப்பேன்.

தங்கச்சி இன்னும் டோக்கன் அட்வான்ஸ் கட்டவில்லை. கிழக்குப் பக்கம் 11வது மாடியில் ஒரு வீடு இருக்கிறதாம், மனசு அதிலேயே நிற்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷீட் ரகம், மேலே ஆங்கர், ஏசி ஸ்லாப்புக்குக் கொக்கி, புதிய இரண்டு கோபுரத்திலாவது ஸ்லாப் விளிம்பில் காடி, இந்த நாலையும் கேட்டு மாப்பிள்ளை கடிதம் கொடுத்திருக்கிறார். ஸ்லாப் வேலை 9வது மாடியில்தான் இருக்கிறது, காடி போட இன்னும் நேரம் இருக்கிறது. ஜூன் கடைசியில் நல்ல மழை நாளாகப் பார்த்து அதே டீக்கடைக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். மருமகள் நோட்டோடு வருகிறாள். முதல் கோபுரத்தில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று மாடி மாடியாகக் குறித்துக்கொள்ளப் போகிறோம்.